சுவரின் கிழக்குப் பாதி

கட்டியவனே முன்னால் வந்து நின்று "இதை நான்தான் கட்டினேன்" என்று சொல்லியும் யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டால், அந்தச் சுவர் யாருடையது? பக்கீஸ் மஸ்தீனுவின் எழுபத்தோரு வருஷ வாழ்க்கையில் வேறு கேள்விகளும் இருந்திருக்கும். அவற்றைக் கேட்கும் அளவுக்கு யாருக்கும் அக்கறை இல்லை. இந்த ஒன்றை மட்டும் செர்ராலை ஊரில் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டார்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே.

பக்கீஸ் அபூர்வமான மனிதர் அல்ல. சார்தீனியத் தீவின் நடுவில், கருங்கல் மேட்டில், நூற்றுப் பதினெட்டு செம்மறி ஆடுகளை வைத்துப் பிழைத்தவர். விடியற்காலையில் பால் கறப்பார், பகலில் மேய்ப்பார், சாயங்காலம் மறுபடி கறப்பார். குள்ளமான ஆள். பிடிவாதம் உண்டு. மனைவி பாஸ்காவோடு தினமும் ஒரு சண்டை, அதை மறுநாள் வரை நீட்டமாட்டார். இடது இடுப்பு தேய்ந்து, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வார். ஆடுகளை விற்றுவிட்டுச் சும்மா இருக்கலாமே என்று மருத்துவர் சொன்னபோது, "சும்மா இருந்து என்ன செய்யறது?" என்று கேட்டார். அதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

அவருடைய நிலத்தில் ஒரு நுராகே நின்றது. மூவாயிரம் வருஷங்களுக்கு முன்னால் சாந்தில்லாமல் கல்மேல் கல் ஏற்றிக் கட்டிய வட்டக் கோபுரம். தலைப்பகுதி எப்போதோ சரிந்துவிட்டது. ஊரில் அதற்கு ஒஸ்கேரா என்று பெயர். மஸ்தீனு குடும்பம் அதை மழைக்கு ஒதுங்கவும், கன்று போட்ட பசுவைக் கட்டவும், ஒரு காலத்தில் பன்றி அடைக்கவும் வைத்திருந்தது. கோபுரத்துக்கு எதிரே, அதன் வட்டத்தோடு சேர்ந்தே வளைந்து, முப்பது அடி நீளத்துக்கு ஒரு சுவர். அதுவும் சாந்தில்லாத கருங்கல்தான். சுவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் நிலம், அதற்கப்புறம் ஓடைப் பள்ளம். சாலையிலிருந்து பால் கொட்டகைக்கு வருகிறவர்கள் கோபுரத்துக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்துதான் வரவேண்டும். வேறு வழி கிடையாது.

அந்தச் சந்தின் அகலம் இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர்.

இருபது வருஷமாகப் பக்கீஸ் பால் கேன்களைத் தன் பழைய வண்டியில் சாலை வரை கொண்டுபோய் நிறுத்துவார். பால் சங்கத்து லாரி வந்து எடுத்துக்கொள்ளும். அந்த வருஷம் மார்ச்சில் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த பருவத்திலிருந்து கேன் கிடையாது. ஒவ்வொரு கொட்டகையிலும் குளிர்தொட்டி இருக்கவேண்டும். டேங்கர் லாரி தொட்டிக்குப் பக்கத்திலேயே வந்து குழாய் போட்டு உறிஞ்சிக்கொள்ளும். டேங்கர் வரமுடியாத இடத்தில் பால் எடுக்கமாட்டார்கள்.

டேங்கரின் அகலம் இரண்டரை மீட்டர்.

"நாப்பது சென்டிமீட்டர்தானே?" என்றாள் பாஸ்கா. "சுவரைப் பிரிச்சு ஒரு முழம் பின்னால தள்ளிக் கட்டு. ஒரு வாரம் ஆகுமா?"

"நாலு நாள்."

"அப்புறம் என்ன?"

"பர்மிஷன் வாங்கணும். பக்கத்துல நுராகே இருக்கே."

"சுவருக்கு எதுக்குப் பர்மிஷன்? நீ கட்டுன சுவரு."

"அதனாலதான் சீக்கிரம் குடுத்துருவாங்க," என்றார் பக்கீஸ். அவருடைய மொத்த வாழ்க்கையிலும் இதைவிடத் தப்பாக ஒரு கணக்குப் போட்டதில்லை.

ஏழு வாரம் கழித்துத் தொல்பொருள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பாஸ்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாள். மேற்படி சுவர் ஒஸ்கேரா கோபுரத்தின் புறமதில். காலம், கிறிஸ்துவுக்கு முன் பதின்மூன்றாம் நூற்றாண்டு. அதன் கிழக்குப் பாதி அக்காலக் கட்டுமானத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மேற்குப் பாதி பிற்காலத்தில், தேர்ச்சியற்ற கைகளால், அவசரமாகப் பழுதுபார்க்கப்பட்டது. ஆகவே கிழக்குப் பாதியில் ஒரு கல்லையும் அசைக்க அனுமதியில்லை.

பக்கீஸ், "தேர்ச்சியற்ற கைகளா?" என்றார்.

"அதை விடு. கிழக்குப் பாதிதான் சந்தை அடைக்குது."

"மேக்குப் பாதி நான் கட்டினது, பாஸ்கா."

"தெரியுது," என்றாள் அவள்.

கிழக்குப் பாதி அவருடைய அண்ணன் லரேந்து கட்டியது.

அது எழுபத்தொன்றாம் வருஷத்து இலையுதிர் காலம். பக்கீஸுக்குப் பத்தொன்பது வயது, லரேந்துவுக்கு இருபத்துமூன்று. வடமேற்குக் காற்றுக்குக் குட்டிகள் செத்துப்போகின்றன, கோபுரத்தடியில் ஒரு மறைப்புக் கட்டுங்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். கல்லுக்கு எங்கும் போகவேண்டியதில்லை. கோபுரத்திலிருந்து சரிந்தவை காலடியில் கிடந்தன. பெரிய கற்களை இரண்டு மாடுகளையும் உருளைக் கட்டைகளையும் வைத்து இழுத்தார்கள். ஆளுக்கொரு முனையிலிருந்து ஆரம்பித்து நடுவில் சந்திப்பது என்று பேச்சு. "காத்து வளைஞ்சுதானே வருது, சுவரும் வளையட்டும்," என்றான் லரேந்து. கோபுரத்தின் வட்டத்தைக் கண்ணாலேயே அளந்து, கயிறு கூடப் பிடிக்காமல் கோடு கிழித்தான்.

கையிலெடுத்த கல்லைத் திரும்பக் கீழே போடக்கூடாது, அதற்கு அங்கேயே ஒரு இடம் கண்டுபிடிக்கவேண்டும் என்பது அந்த ஊர்க் கல்வேலையின் சட்டம். லரேந்து ஒரு கல்லையும் கீழே போட்டதில்லை. பக்கீஸ் ஒவ்வொரு கல்லையும் மூன்று தடவை திருப்பிப் பார்ப்பான், மனசு கேட்காமல் கீழே போடுவான், வேறு எடுப்பான். நடுவில் சந்திப்பது என்றார்கள். லரேந்து வந்து நின்று ஒரு நாள் முழுக்கப் புகைபிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

கடைசி வரிசையை மூடும்முன் சுவருக்கு ஊட்டவேண்டும். அதுவும் ஒரு வழக்கம். கட்டியவன் தன்னுடைய பொருள் ஒன்றைச் சுவரின் வயிற்றில், இரண்டு முகக் கற்களுக்கும் நடுவிலிருக்கும் சல்லியில் போட்டு மூடுவான். ஊட்டாத சுவர் தானாக ஒரு ஆட்டை எடுத்துக்கொள்ளும் என்பார்கள். ஒருவன் போடும்போது மற்றவன் திரும்பி நிற்கவேண்டும். பக்கீஸ் ஒரு புகையிலை டப்பாவைப் போட்டான். லரேந்து போட்டது என்னவென்று பக்கீஸுக்குத் தெரியாது. திரும்பி நின்றிருந்தபோது விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. இரும்புச் சத்தமும் இல்லை, கண்ணாடிச் சத்தமும் இல்லை.

இரண்டு வருஷத்தில் அப்பா நிலத்தைப் பிரித்தபோது ஒஸ்கேரா மேடு பக்கீஸுக்குப் போனது. லரேந்து ஜெர்மனியில் ஒரு கார்த் தொழிற்சாலைக்குப் புறப்பட்டான். பேருந்தில் ஏறும்போது அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நிலம் உனக்கு. சுவர்ல என் பாதி என்னுது." அதன்பின் நாற்பத்தாறு வருஷத்தில் இருவரும் பேசிக்கொண்டது அப்பா சாவுக்கு ஒரு தடவை, அம்மா சாவுக்கு ஒரு தடவை. நாலு வருஷத்துக்கு முன்னால் லரேந்து அங்கேயே செத்து, அங்கேயே புதைக்கப்பட்டார். பக்கீஸ் போகவில்லை. அது குட்டி போடும் பருவம்.

பக்கீஸ் அலுவலகத்துக்குத் திரும்ப எழுதினார். இது நானும் என் அண்ணனும் எழுபத்தொன்றில் கட்டிய சுவர், புறமதிலும் இல்லை ஒன்றும் இல்லை என்று. அதற்கு மூன்றே வாரத்தில் பதில் வந்தது. ஒரே ஒரு தாள், பழைய படிவம் ஒன்றின் நகல். எண்பத்தாறாம் வருஷம் புராதனக் கட்டடங்களைக் கணக்கெடுக்க வந்தவர்கள் எழுதியது. "உரிமையாளர் கூற்றுப்படி, இச்சுவர் அவர் தகப்பனார் காலத்துக்கு முன்பிருந்தே உள்ளது." கீழே கையெழுத்து. பக்கீஸ் மஸ்தீனு.

அவருக்கு அந்தக் காலை நன்றாக நினைவிருந்தது. கழுத்தில் கேமராவோடு இரண்டு பேர் வந்தார்கள். நுராகேயிலிருந்து கல்லெடுத்தால் குற்றம், அபராதம், வழக்கு என்று பக்கத்து ஊர்களில் பேச்சாக இருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் நுராகேக் கல்லில்லாத கொட்டில் ஒன்றுகூடக் கிடையாது. எல்லோரும் ஒரே பதிலைத் தயாராக வைத்திருந்தார்கள்: அது எப்பவும் இருந்துச்சு. பக்கீஸும் அதையே சொன்னார், ஒரு கோப்பை ஒயினும் ஊற்றிக்கொடுத்தார். வந்தவர்கள் குடித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார்கள். பொய் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அது கோப்பில் ஏறிவிட்டால் அதற்கும் வயது கூடும், மரியாதை கூடும். முப்பத்தேழு வருஷத்தில் அந்தப் பொய் பக்கீஸைவிட நம்பத்தகுந்த ஆளாகிவிட்டது.

சாட்சி தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, மியாலியின் காபிக் கடைக்குப் போனார். மியாலி அவரோடு பள்ளியில் படித்தவன். எழுபத்தொன்றில் அந்த மாடுகளைக் கொடுத்ததே மியாலியின் அப்பாதான்.

"மியாலி, நீ பாத்தே. உன் கண்ணு முன்னாடி கட்டினோம்."

"என் கண்ணு அப்பவே மோசம்டா," என்றான் மியாலி, கோப்பையைத் துடைத்தபடி.

"விளையாடாதே. ஒரு கடுதாசியில கையெழுத்துப் போட்டாப் போதும்."

"போட்டுட்டு? நாளைக்கு அந்தத் தொல்பொருள் ஆபீஸ் அம்மா வந்து, 'மியாலி ஐயா, அந்தச் சுவர் புதுசுன்னா அந்தக் கல்லு எங்கேருந்து வந்துச்சு'ன்னு கேப்பா. நுராகேயிலேருந்துன்னு நீ சொல்லுவே. அப்போ, 'உங்க பன்னிக் கொட்டில் கல்லு எங்கேருந்து வந்துச்சு'ன்னு என்னைக் கேப்பா. நான் என்னத்தைச் சொல்ல? மழையில முளைச்சுதுன்னா?"

கடையில் இருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். சிரித்த எல்லோர் வீட்டிலும் கொட்டில் இருந்தது.

"ஐம்பது வருஷமாச்சு. யாரும் இனிமே வழக்குப் போடமாட்டாங்க," என்றார் பக்கீஸ்.

"உன் பாட்டனார் பன்னிரண்டாயிரம் வருஷமா இங்க இருக்காருன்னு சொல்லு, அதை நம்புவாங்க. நேத்துச் செஞ்சதைத்தான் நம்பமாட்டாங்க." மியாலி காபியை அவர் முன்னால் தள்ளினான். "ஒண்ணு சொல்றேன் கேளு. அரசாங்கமே உன் அண்ணனைப் பாத்து, மூவாயிரம் வருஷத்துக் கைடா இதுன்னு சொல்லியிருக்கு. உன்னைப் பாத்து என்ன சொல்லிச்சு?"

பக்கீஸ் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"'தேர்ச்சியற்ற கைகள்'," என்றான் மியாலி, கடைக்கே கேட்கும்படி. கடிதத்தில் இருந்த வார்த்தை ஊருக்குள் எப்படி வந்ததென்று தெரியவில்லை. பாஸ்கா தன் தங்கையிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

அவர் காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். மறுநாளும் அதே கடைக்குப் போனார், வேறு கடை இல்லை.

பாஸ்காவே சாட்சி சொல்லலாம் என்றால், அவள் கல்யாணமாகி வந்தது எழுபத்தாறில். "நான் வர்றப்பவே அது இருந்துச்சு," என்றாள் அவள். சொன்ன பிறகுதான், படிவத்தில் இருந்த வார்த்தையும் அதேதான் என்பது அவளுக்கு உறைத்தது. கோபத்தில் தட்டை நங்கென்று வைத்தாள்.

கோடை முழுக்க அவர் கடிதம் எழுதினார். குளிர்தொட்டிக்குச் சொல்லியாகிவிட்டது. அது ஆகஸ்டில் வந்தது. சந்தில் நுழையாததால், பக்கவாட்டில் படுக்கவைத்து ஆறு பேர் தூக்கிக் கொண்டுபோனார்கள். தொட்டி உள்ளே போய்விட்டது, அதிலிருந்து பால்தான் வெளியே வர வழியில்லை. பால் கறக்கும்போது ஆடுகளிடம் அவர் அலுவலகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முன்பெல்லாம் அவர் ஆடுகளிடம் பேசுகிற ஆளில்லை.

அக்டோபரில் தொல்பொருள் அலுவலகத்து டாக்டர் கொர்ரியாஸ் நேரிலேயே வந்தாள். அந்த அறிக்கையை எழுதியவள் அவள்தான். நாற்பது வயதிருக்கும், சேறு படிந்த பூட்ஸ், கையில் அளவுநாடா. சுவரைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் பக்கீஸிடம், "தொடலாமா ஐயா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகப் பாஸ்கா அவளுக்குக் காபியும் தாள்போல் மெல்லிய ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க சொல்றது நிஜமா இருக்கலாம்," என்றாள் டாக்டர்.

"நிஜம்தான் டாக்டரம்மா. நான் இங்க நின்னேன். இதோ, இந்த இடத்துல."

"நிஜமா இருந்தாப் போதாதுங்க, தெரியணும். இந்தக் கிழக்குப் பக்கத்தைப் பாருங்க. அடிக்கல்லை எப்படி உள்ளே சாய்ச்சு வச்சிருக்காங்க, ஒவ்வொண்ணும் அடுத்ததை எப்படிப் பிடிச்சுக்கிட்டிருக்கு. கோபுரத்தைக் கட்டினவங்களோட கைதான் இது. நான் பதினேழு வருஷமா இதையே பாத்துக்கிட்டிருக்கேன்."

"எங்க அண்ணன் எட்டாங் கிளாஸ் கூட முடிக்கலை."

"அவங்களும்தான் முடிக்கலை," என்றாள் அவள் கோபுரத்தைக் காட்டி. பக்கீஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி. காலத்தைக் காட்டுற மாதிரி ஏதாவது இருக்கா? போட்டோ, காகிதம், எதுவானாலும்?"

அப்போதுதான் அவர் ஊட்டுவதைப் பற்றிச் சொன்னார். அவ்வளவு நாளும் அதை வெளியே விடவில்லை. ஊட்டிய சுவரைத் திறக்கக்கூடாது என்பதற்காக அல்ல. தன் புகையிலை டப்பாவில் என்ன இருந்தது என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு நாள், தன் முன்னிலையில், பாதிக்கு ஒரு கல் என்று இரண்டு கற்களை மட்டும் எடுத்துப் பார்க்க அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு நவம்பர் பத்தாம் தேதி வருவதாகச் சொல்லிப் போனாள்.

பால் சங்கத்துக்குக் கடைசி நாள் நவம்பர் பதினைந்து.

பத்தாம் தேதி காலையில் டாக்டர் வந்தாள், கூட டேங்கர் ஓட்டும் அந்தீனேவும் வந்தான். பாதை எப்படியிருக்கிறதென்று எழுதிக்கொடுக்கச் சங்கம் அனுப்பியிருந்தது. லாரியை அவன் சாலையிலேயே நிறுத்திவிட்டு வந்தான். மியாலியும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான், அவனை யாரும் கூப்பிடவில்லை.

"சாட்சி சொல்லத்தான் வரமாட்டே, வேடிக்கை பாக்க வருவியோ?" என்றாள் பாஸ்கா.

"வேடிக்கைக்கு யாரும் கையெழுத்துக் கேக்கமாட்டாங்கம்மா," என்றான் மியாலி.

முதலில் மேற்குப் பாதி. பக்கீஸ் கடப்பாரையை வைத்து மேலிருந்து இரண்டாவது வரிசையில் ஒரு கல்லை நெம்பினார். தாம் கட்டியதுதான், சுலபமாகவே வந்தது. சல்லிக்குள் கையை விட்டுத் துழாவி, துருப்பிடித்த டப்பாவை எடுத்து டாக்டரிடம் கொடுத்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் கத்தி முனையால் மூடியைத் திறந்தாள். உள்ளே நாலாக மடித்த காகிதம், ஓரம் கரைந்திருந்தாலும் எழுத்து அழியவில்லை. அவள் வழக்கப்படி, பதிவுக்காக, சத்தமாகப் படித்தாள். "ராணுவ ஆள்சேர்ப்பு மருத்துவக் குழு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று, மே மாதம். மஸ்தீனு பக்கீஸ். முடிவு: நிராகரிப்பு. காரணம்: உயரம் போதாது."

ஐம்பத்திரண்டு வருஷமாக ஊருக்கு அவர் சொல்லிவந்தது வேறு. அண்ணன் வெளியூர் போகப்போகிறான், நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்பதால் ராணுவம் விலக்குக் கொடுத்தது என்று. மியாலி ராணுவத்தில் பதினைந்து மாதம் பாத்திரம் கழுவியவன். அதைச் சொல்லிக்காட்டும்போதெல்லாம் பக்கீஸ் இந்தக் கதையைத்தான் பதிலாகச் சொல்வார்.

மியாலி வாயைத் திறந்தான். பாஸ்கா அவனைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான், பிறகு தாங்கமுடியாமல், "எத்தனை சென்டிமீட்டர்டா குறைஞ்சுது? நாப்பதா?" என்றான்.

அந்தீனே இருமுவதுபோல் சாலைப் பக்கம் நடந்தான்.

"இருக்கட்டும்," என்றார் பக்கீஸ், டாக்டரிடம் மட்டும். "தேதி இருக்குல்ல? என் பேர் இருக்குல்ல? அது போதும்ல?"

டாக்டர் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள். கொஞ்சம் தயங்கினாள். "ஐயா, இது மேற்குப் பாதி எழுபத்தொன்றுல கட்டினதுன்னு காட்டுது. அதுல சந்தேகமே இல்லை. ஆனா நானும் அதைத்தானே எழுதியிருக்கேன்? பிற்காலத்துப் பழுதுவேலைன்னு."

பக்கீஸ் அவளைப் பார்த்தபடி நின்றார். ஐம்பத்திரண்டு வருஷம் சுவருக்குள் ஒளித்து வைத்திருந்த அவமானத்தை வெளியே எடுத்துக் கொடுத்து அவர் வாங்கியது, தான் மோசமான கொத்தன் என்பதற்கு ஒரு சான்றிதழ்.

"என்னம்மா இது?" என்றாள் பாஸ்கா. "பாதிச் சுவர் மூவாயிரம் வருஷம், பாதிச் சுவர் ஐம்பது வருஷமா? ஒரே சுவரு!"

"நான் என்ன செய்யட்டும் அம்மா? எனக்கும் இது சங்கடமாத்தான் இருக்கு. இந்தச் சுவரை வச்சு நான் ரெண்டு கட்டுரை எழுதியிருக்கேன். அது தப்புன்னு தெரிஞ்சா நானே தப்புன்னு எழுதறேன். அதுக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஏதாவது வரணும்." அவள் கிழக்குப் பாதியைக் காட்டினாள். "உங்க அண்ணனும் ஊட்டினாரா?"

"ஊட்டினான்."

"எங்கேன்னு தெரியுமா?"

"தெரியும்," என்றார் பக்கீஸ்.

தெரியும்தான். திரும்பி நின்றாலும், சத்தம் விழுந்த இடம் அவருக்கு மறக்கவில்லை. வளைவு முடிகிற இடம், மேலிருந்து மூன்றாவது வரிசை, ஆட்டுத் தலைபோல ஒரு பக்கம் சரிந்த கல். அதற்குப் பின்னால். அதை எடுத்துவிட்டால் போதும். உள்ளே என்ன இருந்தாலும் அது இருபத்துமூன்று வயதுப் பையன் ஒருவன் எழுபத்தொன்றில் கையில் வைத்திருந்த பொருளாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக் சீப்போ, பேனாவோ, காகிதமோ. டாக்டர் எழுதிக்கொடுப்பாள். அந்தீனே பார்த்துக்கொண்டு போவான். நாலு நாளில் சுவர் ஒரு முழம் பின்னால் போகும். நூற்றுப் பதினெட்டு ஆடுகளும் மிஞ்சும்.

பாஸ்கா தன் மேற்சால்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "எடு பக்கீசு," என்றாள்.

அவர் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிழக்கு முனைக்கு நடந்தார். இடுப்பு சாய்ந்து சாய்ந்து அந்த முப்பதடியைக் கடக்க நேரம் பிடித்தது. கல்லுக்கு முன்னால் நின்றார். கடப்பாரை முனையை இடுக்கில் நுழைத்தார், முனை உள்ளே போகவில்லை. கல் அப்படிக் கவ்விப் பிடித்திருந்தது. இன்னொரு இடத்தில் வைத்தார், அங்கேயும் போகவில்லை. மூன்றாவது தடவை, கீழ் விளிம்பில், ஒரு விரல்கடை அளவு உள்ளே போனது. உடம்பை அதன்மேல் சாய்த்தார். கல் முனகியது, ஒரு மயிரிழை அசைந்தது. உள்ளே சல்லி சரியும் சத்தம் அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"வருது, வருது," என்றான் மியாலி. இந்தத் தடவை அவன் குரலில் கிண்டல் இல்லை.

பக்கீஸ் அப்படியே நின்றார். உடம்பின் பாரம் கடப்பாரைமேல் இருந்தது. காது கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. டாக்டர் கேமராவை உயர்த்தி, பிறகு தாழ்த்தினாள்.

அவர் பாரத்தை எடுத்தார். கடப்பாரையை மெதுவாக வெளியே இழுத்து, சுவரில் சாய்த்து வைத்தார். அசைந்த கல்லை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி உள்ளே அனுப்பினார்.

"என்ன ஆச்சு?" என்றாள் டாக்டர்.

"ஞாபகப் பிசகு டாக்டரம்மா," என்றார் பக்கீஸ். "இந்தப் பாதி என்னுது இல்லை. எங்க அப்பா காலத்துலேயே இருந்துச்சு. எப்பவும் இருந்துச்சு."

"ஐயா, இன்னைக்கு விட்டா மறுபடி அனுமதி கிடைக்காது. உங்களுக்கு அது புரியுதா?"

"புரியுது. எங்க கையெழுத்துப் போடணும்?"

பாஸ்கா கத்தினாள். மஸ்தீனு குடும்பத்தில் இருந்த, செத்த, பிறக்கப்போகிற எல்லோரையும் பேர் சொல்லித் திட்டினாள். மியாலி அவளைச் சமாதானப்படுத்தப் போய் அவனும் வாங்கிக்கட்டிக்கொண்டான். எல்லாம் முடிவதற்குள் பக்கீஸ் டாக்டரின் காரின் முன்மூடிமேல் தாளை வைத்து, எழுத்துக்கூட்டி, நிதானமாகக் கையெழுத்திட்டார். முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் போட்டதைவிடத் தெளிவாக இருந்தது. அந்தீனே தன் படிவத்தில் "வழியில்லை" என்று எழுதிக்கொண்டு, "வரேன் மாமா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

டிசம்பருக்குள் நூற்றேழு ஆடுகள் போய்விட்டன. பதினொன்றை வீட்டுப் பாலாடைக்கட்டிக்கென்று வைத்துக்கொண்டார். குளிர்தொட்டியில் பாஸ்கா கோழித் தீவனத்தைக் கொட்டி வைத்தாள்.

மேற்குப் பாதியில் எடுத்த கல்லை அவர் அன்று சாயங்காலமே திரும்ப வைத்திருந்தார், மூன்று தடவை திருப்பிப் பார்த்த பிறகு. மியாலி கடையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சிலர் அவரிடமே கேட்டார்கள். அவர் காபியைக் கலக்கிக்கொண்டிருப்பார்.

பாஸ்கா இரண்டு தடவை கேட்டாள். முதல் தடவை அழுதுகொண்டு, இரண்டாவது தடவை, வசந்தம் வந்தபிறகு, சாதாரணமாக. அவர் ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்று முடித்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு, "மேய்ச்சலுக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டு, பதினோரு ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தச் சந்து வழியாக வெளியே போனார்.